சிஹிரோ எப்போது பெரியவளாகிறாள்?

'ஸ்பிரிட்டட் அவே' என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தில், தெய்வங்கள் வந்து போகும் குளியல் விடுதியில் முதல் இரவு கழிந்து, பத்து வயதுச் சிறுமி சிஹிரோ காலையில் கொதிகலன் அறைக்கு இறங்கி வருகிறாள். நெருப்பு வளர்க்கும் காமாஜி தாத்தா தூங்கிக்கொண்டிருக்கிறார். மந்திரத்தால் உயிர்பெற்ற கரித்தூள் குட்டிகள் சுவர்ப் பொந்துகளிலிருந்து அவளுடைய ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்கின்றன. காலை நுழைத்தவள், குதிகால் சரியாக உள்ளே உட்காரட்டும் என்று ஷூ முனையைத் தரையில் தட்டிக்கொண்டு வெளியே ஓடுகிறாள். இரண்டு விநாடிகூட இருக்காது. கதைக்கு இந்தத் தட்டல் தேவையே இல்லை, வெட்டி எறிந்திருந்தாலும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் ஷூ போட்டுப் பழகிய ஒவ்வொரு குழந்தையும் செய்கிற காரியம் அது. அதைக் கவனித்து, தாளில் கையால் வரைந்து, அந்த இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

ஹயாவோ மியாசாகி இயக்கி, ஸ்டூடியோ ஜிப்லி தயாரித்த 'ஸ்பிரிட்டட் அவே' ஜப்பானில் 2001 ஜூலை 20 அன்று வெளியானது. 'டைட்டானிக்' அங்கே வைத்திருந்த வசூல் சாதனையை முறியடித்து 3,000 கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. 2020-இல் 'டீமன் ஸ்லேயர்' படம் தாண்டும்வரை அந்த இடத்தில் வேறு யாரும் இல்லை. 2002-இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியை இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. 2003-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் கற்பனை, வண்ணம், விசித்திர உருவங்கள், நாக்கில் நீர் ஊறவைக்கும் சாப்பாடு என்று பதில் வரும். எல்லாம் உண்மைதான். ஆனால் இவை எல்லாம் இருந்தும் ஒரே வாரத்தில் மறந்துபோன படங்கள் ஏராளம். இந்தப் படத்தின் பிடி வேறெங்கோ இருக்கிறது. ஒரு பிள்ளை பெரியவளாகும் கதையைச் சொல்லும் படம், அவள் பெரியவளாகும் கணம் என்று எதையும் காட்டுவதில்லை. அவள் செய்யும் வேலைகளை மட்டும், ஒன்றுவிடாமல் காட்டுகிறது.

நண்பர்களின் பெண்பிள்ளைகளைப் பார்த்துத்தான் இந்தப் படம் தோன்றியது என்று மியாசாகி சொல்லியிருக்கிறார். எல்லாருக்கும் பத்து வயதை ஒட்டிய பருவம். அவர்கள் படிக்கும் சிறுமியர் மாங்கா (ஜப்பானியப் படக்கதை) இதழ்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் காதலும் ஏக்கமுமாக இருந்ததாம். அந்த வயதுப் பெண் உண்மையில் தேடுவது இதுவா என்ற சந்தேகம்தான் அவருக்கு விதை. அதனால் சிஹிரோ அழகியும் இல்லை, வீரியும் இல்லை. முதல் காட்சியில் காரின் பின்சீட்டில் சரிந்து படுத்திருக்கிறாள். தோழிகள் கொடுத்த பூச்செண்டு வாடுகிறது என்று முனகுகிறாள். புதுப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நாக்கை நீட்டுகிறாள். வளர்ந்தவர்களுக்கு எரிச்சலூட்டும் பிள்ளை. இந்த எரிச்சலைப் படம் வேண்டுமென்றே சம்பாதித்துக்கொள்கிறது.

அப்பா வழி தவறுகிறார். சுரங்க வழிக்கு அப்பால் பாழடைந்த கேளிக்கைப் பூங்கா போல ஓர் இடம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இப்படி எங்கும் கட்டினார்கள், பொருளாதாரம் சரிந்ததும் எல்லாம் படுத்துவிட்டன என்கிறார். ஆளில்லாத கடையில் குவிந்திருக்கும் உணவைக் கேட்காமல் எடுத்துத் தின்னும்போது, கடன் அட்டையும் பணமும் இருக்கிறது, கவலைப்படாதே என்கிறார். பிறகு அப்பாவும் அம்மாவும் பன்றியாகிவிடுகிறார்கள். 2001-இல் ஜப்பானியப் பார்வையாளர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்பதுகளில் நீர்க்குமிழிபோல ஊதிப்போன பொருளாதாரத்தில் கண்ணை மூடிக்கொண்டு செலவழித்த தலைமுறையின் பிள்ளைகள்தான் அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். ஜப்பானியத் தலைப்பில் உள்ள 'காமிகாகுஷி' என்ற சொல், திடீரென்று காணாமல் போகிறவரைத் தெய்வங்கள் ஒளித்து வைத்துக்கொண்டன என்ற பழைய நம்பிக்கையைக் குறிப்பது. ஒளித்து வைத்த இடம்தான் அபுராயா. எண்ணிலடங்காத தெய்வங்கள் களைப்புத் தீர வந்து குளித்துவிட்டுப் போகும் விடுதி.

அந்த ஊரின் சட்டம் ஒன்றுதான்: வேலை இல்லாதவருக்கு இடம் இல்லை. ஹாகு என்ற சிறுவன் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது மந்திரம் அல்ல, விண்ணப்பம். எப்படி விரட்டினாலும், எப்படி ஆசை காட்டினாலும், 'இங்கே வேலை செய்ய விடுங்கள்' என்று மட்டும் சொல்லிக்கொண்டே இரு. விடுதியின் சொந்தக்காரியான சூனியக்காரி யுபாபா, வேலை கேட்டு வருகிறவருக்கு வேலை கொடுப்பதாகச் சத்தியம் செய்து கட்டுப்பட்டவள். மாயாஜாலக் கதைகளில் நாயகனுக்கு வாளோ கோலோ கிடைக்கும். இவளுக்குக் கிடைப்பது ஒரு வாக்கியம்.

அந்த வாக்கியத்தைச் சொல்லப் போகும் வழியைப் பாருங்கள். விடுதியின் வெளிச்சுவரை ஒட்டிக் கைப்பிடி இல்லாத மரப்படிக்கட்டு, கீழே பாதாளம். சிஹிரோ உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாகக் காலை நீட்டித் துழாவி இறங்குகிறாள். ஒரு படி உடைகிறது. பயத்தில் எழுந்து ஓடத் தொடங்கியவள், நிற்க முடியாமல் மொத்தப் படியும் ஓடி, அடியில் இருக்கும் சுவரில் போய் மோதுகிறாள். தைரியம் வந்து இறங்கவில்லை, ஓட்டம் நிற்காததால் இறங்கினாள்.

உள்ளே, கரித்தூள் குட்டிகள் நிலக்கரித் துண்டுகளைத் தூக்கிப் போய் உலையில் போடுகின்றன. ஒன்று சுமை தாங்காமல் நசுங்குகிறது. சிஹிரோ இரக்கப்பட்டு அந்தத் துண்டைத் தூக்கிவிடுகிறாள். தூக்கிய பிறகுதான் தெரிகிறது, அது அவள் பலத்துக்கு மீறிய கனம். எங்கே வைப்பது என்று தடுமாறும்போது, தொட்ட வேலையை முடி என்று காமாஜி அதட்டுகிறார். தள்ளாடிப் போய் உலை வாயில் வெப்பம் முகத்தில் அடிக்க, வீசிவிட்டுத் திரும்புகிறாள். உடனே மற்றக் குட்டிகளும் கரியைக் கீழே போட்டுவிட்டு நசுங்கியதாக நடிக்கின்றன. அடுத்தவர் வேலையைப் பிடுங்காதே, வேலை செய்யாவிட்டால் மந்திரம் கலைந்து அவை வெறும் கரித்தூளாகிவிடும் என்று காமாஜி மறுபடி திட்டுகிறார். இரண்டு நிமிடக் காட்சிக்குள் உதவி செய்வதில் உள்ள நல்லதும் கெட்டதும் வந்துவிடுகிறது. யாரும் பாடம் நடத்தவில்லை. திட்டு மட்டும்தான் விழுகிறது. அடுத்து வரும் பணிப்பெண் லின்னும் அப்படித்தான்: 'நன்றி சொன்னாயா? ஷூவோடு வரப்போகிறாயா?' முதல் முறை வேலைக்குப் போன இடத்தில் வாங்கிய திட்டு யாருக்குத்தான் நினைவில்லை!

யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியதும், தாளில் இருந்து எழுத்துகளை உள்ளங்கையில் உறிஞ்சிக்கொள்கிறாள். ஒகினோ சிஹிரோ என்ற பெயரை எழுத நான்கு சித்திர எழுத்துகள் வேண்டும். அதில் 'ஆயிரம்' என்று பொருள்படும் ஒன்றை மட்டும் விட்டுவைக்கிறாள். சிஹிரோ என்ற பெயருக்குள் 'சி' என்று ஒலிக்கும் அதே எழுத்தைத் தனியாக நிற்கவைத்து வாசித்தால் 'சென்'. புதிய பெயராக எதையும் சூட்டவில்லை, இருந்த பெயரை வெட்டி எண்ணாக்கிவிட்டாள். மறுநாள் ஹாகு அவளுடைய பழைய உடையைத் திருப்பித் தரும்போது, தோழிகள் எழுதிய வாழ்த்து அட்டை அதனுள் இருக்கிறது. அதைப் படித்துத்தான் தன் பெயர் சிஹிரோ என்பதே அவளுக்கு ஞாபகம் வருகிறது. ஓர் இரவுதான் ஆகியிருக்கிறது.

அதே இடத்தில்தான் ஹாகு சோற்றுருண்டையைக் கொடுக்கிறான். பசிக்கவில்லை என்று மறுத்தவள் ஓரத்தில் சின்னதாகக் கடிக்கிறாள். அடுத்த வாய் கொஞ்சம் பெரிது. மூன்றாவதில் அழுகை பொத்துக்கொண்டு வருகிறது. கன்னத்தை மறைக்கும் அளவு பெரிய துளிகள் உருண்டு விழ, வாய் மெல்லுவதை நிறுத்துவதில்லை. பெற்றோர் பன்றியானபோதும், உடல் கண்ணாடிபோல் கரையத் தொடங்கியபோதும் வராத அழுகை இது. பயம் ஆளை இறுக்கிப் பிடித்திருக்கும். யாராவது 'சாப்பிடு' என்று சொன்னால்தான் அது தளரும். ஜிப்லி சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் முட்டையின் மினுமினுப்பையும் குழம்பின் ஆவியையும் சொல்வார்கள். எனக்கு இந்த வெறும் சோறுதான் அந்த ஸ்டூடியோவின் ஆகச் சிறந்த உணவுக் காட்சி.

அவளுக்கு வேலை கைவரத் தொடங்கும் இடம் பெரிய தொட்டி. அதற்கு முன்பே அவள் மற்றப் பணிப்பெண்களோடு துணியைத் தரையில் அழுத்தி, குனிந்தபடி ஓடித் துடைப்பதைக் காட்டிவிடுகிறார்கள். அவர்கள் வரிசையாகப் பறக்க, இவள் பாதியில் தடுக்கி விழுகிறாள். பிறகு லின்னுக்கும் இவளுக்கும் யாரும் தொட விரும்பாத, அழுக்கு அப்பிய தொட்டியைத் தலையில் கட்டுகிறார்கள். தேய்த்தால் போகாது, மூலிகைத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். தண்ணீருக்கு மரச்சீட்டு வேண்டும். மேற்பார்வையாளர் சீட்டுத் தர மறுக்கிறார். அந்த நேரம் பார்த்து நாற்றமெடுத்த சேற்று மலை போல ஒரு விருந்தாளி வருகிறார். அவர் கடந்து போகும்போது தட்டில் இருந்த சோறு கெட்டுப்போகிறது. அவரைக் குளிப்பாட்டச் சொல்லி யுபாபா கைகாட்டுவது இவளை.

இந்தக் காட்சியின் நடைமுறை ஒழுங்கு அபாரமானது. முழங்கால் ஆழச் சேற்றில் நடந்து சீட்டை மாட்டுகிறாள், கயிற்றை இழுத்துத் தண்ணீரைத் திறக்கிறாள், வழுக்கித் தலைகீழாக விழுகிறாள். விழுந்த இடத்தில் விருந்தாளியின் விலாவில் ஏதோ முள் போலக் குத்தி நிற்பது கையில் படுகிறது. யுபாபா கயிறு போடச் சொல்கிறாள். விடுதியே சேர்ந்து இழுக்கிறது. முதலில் வருவது சைக்கிளின் கைப்பிடி. அதன் பின்னால் ஒரு நதியில் கொட்டிய குப்பை மொத்தமும் சரிந்து கொட்டுகிறது. கடைசியாக ஒரு தூண்டில் நரம்பு. அதையும் இழுத்து எடுத்த பிறகுதான் விருந்தாளி யார் என்று தெரிகிறது: பழம்பெரும் நதித் தெய்வம். உள்ளூர் ஆற்றைச் சுத்தம் செய்யப் போனபோது சேற்றிலிருந்து சைக்கிளை இழுத்தெடுத்த அனுபவம் மியாசாகிக்கு உண்டு. சைக்கிள் எப்படிச் சேற்றைவிட்டு வரும் என்பது கையால் இழுத்தவருக்குத்தான் தெரியும். காட்சியிலும் அது மெல்ல அசைந்து, சிக்கி, பிறகுதான் வருகிறது. வெற்றிக்குக் காரணம் வீரமோ மந்திரமோ அல்ல. எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கிய உடலைத் தொட்டவள் இவள். தொட்டதால்தான் முள் தெரிந்தது.

நதித் தெய்வம் கூலியாக ஒரு கசப்பு உருண்டையைத் தருகிறது. பெற்றோரை மனிதராக்க இது உதவும் என்று அவள் பத்திரப்படுத்துகிறாள். படத்தின் பிற்பாதி முழுவதும் இந்த ஒற்றை உருண்டையின் செலவுக் கணக்குதான். சூனியத்தால் அடிபட்டு ரத்தம் கக்கும் டிராகனாகக் கிடக்கும் ஹாகுவின் வாயைப் பிளந்து பாதியைத் திணிக்கிறாள். (நாய்க்கு மருந்து புகட்டுவதுபோல இருக்கட்டும் என்றாராம் மியாசாகி. குழுவில் யாரும் நாய் வளர்த்ததில்லை; கால்நடை மருத்துவமனைக்குப் போய், வாயைத் திறக்கும்போது தாடையும் ஈறும் எப்படி அசைகின்றன என்று படம் எடுத்து வந்து வரைந்தார்கள்.) மீதிப் பாதி காவோனாஷிக்கு. அப்பா அம்மாவுக்கு என்று வைத்திருந்ததில் அவர்களுக்கு ஒரு துளியும் மிஞ்சவில்லை. இதைத் தியாகம் என்று படம் கொட்டு முழக்குவதில்லை. எதிரில் யாருக்கு அவசரமோ அவருக்குக் கொடுக்கிறாள், அவ்வளவுதான்.

காவோனாஷி என்றால் முகமற்றவன். தொடக்கத்தில் பாலத்தின் மேல் சும்மா நிற்கும் ஓர் உருவமாகத்தான் வரைந்தார்கள். படச்சட்டக் கதை (காட்சிகளை வரிசையாக வரைந்து வைக்கும் ஸ்டோரிபோர்டு) முடிவதற்கு முன்பே தயாரிப்பைத் தொடங்கிவிடுவது மியாசாகியின் வழக்கம். யுபாபாவை வென்று, பிறகு அவளைவிட வலிய அக்காவான ஜெனிபாவையும் எதிர்கொள்வது என்று முதலில் யோசித்த கதை மூன்று மணி நேரத்துக்கு நீளும் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பாலத்தில் நின்றவனை உள்ளே இழுத்தார். சண்டை போயிற்று, தனிமை வந்தது. படத்துக்கு நேர்ந்த ஆகப் பெரிய நல்லது இதுதான்.

மழையில் நனைகிறாயே என்று சிஹிரோ கதவைத் திறந்து வைக்கிறாள். அந்தச் சின்ன அன்புக்கு ஈடாக அவன் கைநிறைய மரச்சீட்டு நீட்டுகிறான். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான், மற்றதை வாங்க மறுக்கிறாள். பிறகு பொன்னை நீட்டுகிறான், அதையும் மறுக்கிறாள். சொந்தக் குரல் இல்லாதவன். விழுங்கிய தவளையின் குரலில்தான் பேசுகிறான். விடுதி முழுக்கப் பொன்னுக்காகப் பல்லிளிக்க, தின்னத் தின்ன வீங்குகிறான். உருண்டையைத் தின்றதும் விழுங்கியதெல்லாம் வெளியே வருகிறது. அப்போது அவனை அரக்கன் என்று அவள் சொல்வதில்லை. அந்த விடுதியில் இருப்பதால்தான் அவன் இப்படி ஆகிறான், வெளியே போவது நல்லது என்கிறாள். பத்து வயதுப் பெண்ணின் வாயில் இதைவிடத் தெளிவான ஒரு வாக்கியம் படத்தில் இல்லை.

அவள் தொட்டிப் படகிலிருந்து இறங்கி, தண்ணீருக்குள் தெரியும் தண்டவாளத்தை நோக்கி நடக்கும்போது லின் பின்னாலிருந்து கத்துகிறாள்: உன்னை மந்தம் என்று சொன்னேனே, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்! மொத்தப் படத்தில் அவளுக்குக் கிடைக்கும் சான்றிதழ் இது ஒன்றுதான். கூடவே வேலை பார்த்தவள், போகிற போக்கில் கத்திச் சொன்னது.

பிறகு ரயில், ஜெனிபாவின் வீட்டை நோக்கி. முந்தைய இரவு மழையில் நிலம் கடலாகியிருக்கிறது. காமாஜி நாற்பது வருடமாக வைத்திருந்த சீட்டைத் தருகிறார். இப்போது போகும் வண்டி மட்டும்தான், திரும்பும் வண்டி கிடையாது. தண்டவாளத்திலேயே நடந்து வந்துவிடுவேன் என்கிறாள். ஆறாவது நிறுத்தம்வரை பயணம். நிழல்போன்ற பயணிகள் மூட்டையோடு ஏறி இறங்குகிறார்கள். ஒரு நடைமேடையில் ஒரு சிறுமி நிழலாக நிற்கிறாள், யாருக்காக என்று தெரியாது. பொழுது சாய்கிறது, ஜன்னலுக்கு வெளியே விளக்குப் பலகைகள் ஒளிர்ந்து கடக்கின்றன. இசையமைப்பாளர் ஜோ ஹிசாய்ஷியின் பியானோ ஒலிக்கிறது. யாரும் பேசுவதில்லை. தன்னைப் பொறுத்தவரை படம் இந்த ரயிலோடு முடிந்துவிடுகிறது என்று மியாசாகி சொல்லியிருக்கிறார். முதல் முறை தனியாக ரயிலேறும் பிள்ளைக்கு வெளியே உள்ள காட்சி எதுவும் மனதில் நிற்காது. அதனால்தான் மலையும் மரமும் இல்லாத நீர்ப்பரப்பு வேண்டியிருந்தது.

2002-இல் அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட்டுக்குப் பேட்டி கொடுத்தபோது மியாசாகி கைகளைத் தட்டிக் காட்டினார். ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடையில் இருக்கும் பொழுதுக்கு ஜப்பானிய மொழியில் 'மா' என்று பெயர். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மிஞ்சுவது பரபரப்பு மட்டும்தான் என்றார். இந்தப் படத்தைப் போலச் செய்ய முயன்றவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான். குட்டி உருவங்களையும் பச்சைப் புல்வெளியையும் ஆவி பறக்கும் கிண்ணத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் சும்மா இருக்கும் மூன்று நிமிடத்துக்குத் தயாரிப்பாளர் பணம் தரமாட்டார், அதனால் அங்கே ஒரு துரத்தலை வைத்துவிடுகிறார்கள். கையால் வரையும் படத்தில் சும்மா இருப்பதும் செலவுதான். இந்தப் படத்துக்குச் சுமார் 1,12,000 ஓவியங்கள் தேவைப்பட்டன. வண்ணம் தீட்டியது கணினியில். ஆனால் அசைவு தாளிலும் பென்சிலிலும், பின்னணி போஸ்டர் வண்ணத்திலும் உருவானவை. காமாஜியின் பின்னால் இருக்கும் நூற்றுக்கணக்கான மூலிகை இழுப்பறைகளுக்கு மாதிரி, ஸ்டூடியோ இருக்கும் கொகனேயி ஊரின் திறந்தவெளிக் கட்டட அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பழைய எழுதுபொருள் கடை. உலகம் எவ்வளவு விசித்திரமோ, அதன் மரச்சாமான் அவ்வளவு நிஜம்.

குறை இல்லாத படம் என்று சொல்ல மாட்டேன். ஹாகு திருடிய முத்திரை, அவன் வயிற்றிலிருந்த புழு, ஜெனிபாவின் சாபம் ஆகிய மூன்றும் ஒரே மூச்சில் வந்து மோதும் இடத்தில் முதல்முறை பார்ப்பவர் தடுமாறுவார். ஹாகு உண்மையில் கோஹாகு நதி, அடுக்குமாடிக்காக மூடப்பட்ட ஆறு, சின்ன வயதில் ஷூவை எடுக்கப்போய் அவள் விழுந்தது அதில்தான் என்ற செய்தி, பறந்துகொண்டிருக்கும்போது அவசரமாக வருகிறது. நினைவுக்கு வரும் ஷூ என்பதால் மட்டுமே அது என் மனதில் ஒட்டியது. கடைசிச் சோதனையும் பலருக்கு உறுத்தல். பன்றிக் கூட்டத்தைக் காட்டிப் பெற்றோரை அடையாளம் சொல் என்று யுபாபா கேட்க, இவர்களில் யாரும் இல்லை என்கிறாள் சிஹிரோ. எப்படித் தெரிந்தது? படம் சொல்வதில்லை. சொல்லாதது சரி என்றே நினைக்கிறேன். சூத்திரம் ஒன்று கொடுத்திருந்தால் அது விடுகதையாகியிருக்கும். ஒவ்வொருவரையும் உற்றுப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பார்த்ததும் தெரிகிறது.

2020 பிப்ரவரி முதல் இந்தியாவில் நெட்ஃபிளிக்ஸில் ஜிப்லி படங்கள் கிடைக்கத் தொடங்கின. ஜப்பானிய ஒலியில் பாருங்கள். ஆங்கில ஒலியில் குரல்கள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் மௌனமான இடங்களில் வசனம் சேர்த்திருக்கிறார்கள். விடுதியை முதலில் பார்க்கும்போதே இது குளியல் விடுதி என்று சிஹிரோ சொல்லிவிடுகிறாள். பெரிய சேதம் கடைசியில். புது வீடு, புதுப் பள்ளி, கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும் என்று அப்பா சொல்ல, என்னால் சமாளிக்க முடியும் என்று அவள் பதில் சொல்கிறாள். ஜப்பானிய மூலத்தில் இந்தப் பேச்சே கிடையாது. இது அவள் வளர்ந்துவிடும் கதை அல்ல, அவளுக்குள் ஏற்கெனவே இருந்த ஒன்று தேவை வந்தபோது வெளிப்படும் கதை என்று மியாசாகி சொன்னதற்கு நேர் எதிரான வசனம் அது.

மூலத்தில் நடப்பது இவ்வளவுதான். சுரங்க வழியில் அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். வரும்போது இருந்த அதே ஒட்டல். இப்படி ஒட்டினால் நடக்க முடியவில்லை என்று அம்மா வரும்போது சொன்னதையே மறுபடி சொல்கிறாள். வெளியே வந்தால் கார்மேல் இலையும் தூசியும் படிந்திருக்கிறது, அப்பாவுக்குக் காரணம் புரியவில்லை. சிஹிரோ சுரங்க வாயைத் திரும்பிப் பார்க்கிறாள். ஜெனிபாவின் வீட்டில் நண்பர்கள் சேர்ந்து நூற்ற நூலில் பின்னிய தலைமுடிக் கட்டு ஒரு கணம் மின்னுகிறது. அதை அவள் பார்க்க முடியாது, அது அவள் தலைக்குப் பின்னால் இருக்கிறது. அப்பா கூப்பிடுகிறார். அவள் காரில் ஏறிக்கொள்கிறாள்.